ஓர்வியேட்டோவுக்கு ஒரு நாள் ட்ரிப்: எல்லாரும் கேட்கிற கேள்விகள், என்னோட பதில்கள்

ரோம்ல நாலஞ்சு நாள் ரூம் போட்டிருக்கோம், ஒரு நாள் மட்டும் வெளிய ஏதாவது பழைய மலை ஊருக்குப் போயிட்டு ராத்திரி திரும்பிடணும், எங்க போகலாம்னு இத்தாலி கிளம்புற ஃப்ரெண்ட்ஸும் சொந்தக்காரங்களும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான் சொல்றது எப்பவும் ஓர்வியேட்டோதான். மூணு தடவை போயிருக்கேன், அதுல ஒரு தடவை முட்டி வலி இருக்கிற எங்க அம்மாவோட. திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளுக்கு எல்லாம் இங்க ஒண்ணா பதில் எழுதி வைக்கிறேன்.

இத்தாலில மலை ஊர் எவ்வளவோ இருக்கே, ஏன் ஓர்வியேட்டோ?

முதல் காரணம் ரொம்ப சிம்பிள், ட்ரெயின். சான் ஜிமிஞானோ மாதிரி பேர் போன ஊருக்கு எல்லாம் ரோம்ல இருந்து ஒரே நாள்ல போயிட்டு வர்றது பெரிய பாடு, பஸ் மாறி பஸ் மாறி பாதி நாள் ரோட்டுலயே போயிடும். ஓர்வியேட்டோ ரோமுக்கும் ஃபிளாரன்ஸுக்கும் நடுவுல, ரயில் பாதையை ஒட்டியே இருக்கு.

ரெண்டாவது காரணம் அந்தப் பாறை. ஊர் உட்கார்ந்திருக்கிறது சாதாரண மலை இல்ல, மேல தட்டையா மேஜை மாதிரி, சுத்தி நாலு பக்கமும் செங்குத்தா இறங்குற ஒரு எரிமலைப் பாறை. பக்கத்துல பொல்சேனா ஏரி இருக்கிற இடத்துல லட்சக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி எரிமலைங்க வெடிச்சு, வந்து விழுந்த சாம்பல் இறுகிக் கல்லாயிடுச்சு, அதைத்தான் அங்க டூஃபோன்னு சொல்றாங்க. தேன் கலர்ல, உளி வச்சா வெட்ட வர்ற அளவுக்கு மெத்துனு இருக்கும். அதுக்குக் கீழ களிமண். மழைத்தண்ணி டூஃபோ வழியா இறங்கி களிமண்ல நின்னுடும், அதனால ஊத்து எல்லாம் பாறையோட அடிவாரத்துல, ஊர் மட்டும் உச்சில. இதை மனசுல வச்சுக்கிட்டுப் போங்க, அங்க பார்க்கிற கிணறு, குகை, புறாக்கூண்டு, ஒயின் எல்லாமே இந்த ஒரு விஷயத்துல இருந்துதான் வருது. கல்லு வெட்ட சுலபம், தண்ணி கிடைக்கிறது கஷ்டம். அவ்வளவுதான் ஓர்வியேட்டோ.

எவ்வளவு பழைய ஊர்?

ரோமானியர்களுக்கு முன்னாடி இருந்த எட்ருஸ்கன் மக்களோட பெரிய நகரம் இது, பேரு வெல்ஸ்னா. கி.மு. 264-ல ரோம் படை வந்து ஊரை அழிச்சு, மிச்சம் இருந்த மக்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் பொல்சேனா ஏரிக்கரைல குடி வச்சாங்க. அப்புறம் பல நூற்றாண்டு கழிச்சு பாறை மேல திரும்ப ஜனங்க வந்து சேர்ந்தாங்க. ‘ஊர்ப்ஸ் வேட்டுஸ்’ன்னா லத்தீன்ல பழைய ஊர்னு அர்த்தம், அதுதான் பேச்சுல மருவி ஓர்வியேட்டோ ஆச்சு.

ரோம்ல இருந்து எந்த ட்ரெயின்? முன்னாடியே புக் பண்ணணுமா?

ரோமா டெர்மினி ஸ்டேஷன்ல இருந்து ரீஜனல் ட்ரெயின், மாறாம நேரா போகும், ஒண்ணே கால் மணில இருந்து ஒன்றரை மணி நேரம். ரீஜனல் டிக்கெட்டுக்கு விலை ஏறாது இறங்காது, அன்னிக்கே வாங்கிக்கலாம். ஃபிளாரன்ஸ்ல இருந்து வர்றவங்களுக்கு சுமார் ரெண்டு மணி நேரம்.

ரெண்டு விஷயம் கவனமா இருங்க. பேப்பர் டிக்கெட் வாங்கினா ஏறுறதுக்கு முன்னாடி பிளாட்பாரத்துல இருக்கிற சின்ன மெஷின்ல விட்டு ஸ்டாம்ப் அடிக்கணும், அடிக்காம ஏறினா டிக்கெட் கையில இருந்தாலும் ஃபைன்தான். மொபைல்ல வாங்கினா கிளம்புறதுக்கு முன்னாடி செக்-இன் பண்ணணும். இன்னொண்ணு, டெர்மினில சில பிளாட்பாரம் ஸ்டேஷனோட ஒரு ஓரத்துல ரொம்பத் தள்ளி இருக்கும், அஞ்சு நிமிஷத்துல ஓடிப் பிடிச்சுடலாம்னு நினைக்காதீங்க, இருபது நிமிஷம் முன்னாடியே போயிடுங்க. கடைசி ரிட்டர்ன் ட்ரெயின் நேரத்தைப் போகும்போதே ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

ஸ்டேஷன்ல இருந்து மலை மேல எப்படி ஏறுறது? நடக்கணுமா?

வேண்டாம். ஸ்டேஷனுக்கு நேர் எதிர்லயே கேபிள் இழுத்துட்டுப் போற குட்டி ரயில் இருக்கு, ஃப்யூனிகுலர். சில நிமிஷத்துல மேல கொண்டுபோய் விட்டுடும். இது 1888-ல ஆரம்பிச்சது, அப்ப கரண்ட் கிடையாது, மேல இருக்கிற பெட்டில தண்ணிய ரொப்புவாங்க, அந்த வெயிட்ல அது கீழ இறங்கும்போது கீழ இருக்கிற பெட்டி மேல வரும். நடுவுல ரொம்ப வருஷம் மூடிக் கிடந்து 1990-ல மின்சாரத்துல திரும்ப ஓட ஆரம்பிச்சது.

மேல இறங்குற இடம் பியாட்சா காஹென். அங்க ஒரு குட்டி பஸ் நிக்கும், அது துவோமோ, அதாவது பெரிய கோவில் வாசலுக்கே போகும். கூட்டம் மொத்தமும் அடிச்சுப் பிடிச்சு அதுல ஏறும். நீங்க ஏறாதீங்க, ஏன்னா கிணறு இங்கயே பக்கத்துல இருக்கு.

அந்தக் கிணறு அப்படி என்ன விசேஷம்? கிணத்தைப் பார்க்கவா இத்தாலி போறது?

இந்தக் கேள்விய எங்க அம்மாவே கேட்டாங்க. பார்த்துட்டு வந்து ராத்திரி ரூம்ல அதைப் பத்தியேதான் பேசிட்டு இருந்தாங்க.

1527-ல ஜெர்மன், ஸ்பானிஷ் கூலிப்படை ரோமுக்குள்ள புகுந்து ஊரைச் சூறையாடிச்சு. ஏழாம் கிளெமெண்ட் போப் மாசக்கணக்குல கோட்டைக்குள்ள அடைபட்டுக் கிடந்து, அந்த வருஷ டிசம்பர்ல தப்பிச்சு ஓடி வந்த இடம் இந்த ஓர்வியேட்டோ பாறை. (இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி தன்னோட கல்யாணத்தை ரத்து பண்ணித் தரச் சொல்லி ஆள் அனுப்பினப்ப, அவங்க போப்பை வந்து பார்த்ததும் 1528-ல இந்த ஊர்லதான்.) பாறை மேல எவன் வந்தாலும் ஏற முடியாது, ஆனா முற்றுகை போட்டு உட்கார்ந்துட்டா தண்ணி? அந்தப் பயத்துல தோண்டினதுதான் இந்தக் கிணறு. கட்டினவர் அந்தோனியோ த சங்கால்லோ, அதே குடும்பத்துல ரெண்டு பேருக்கு இந்தப் பேர் இருக்கிறதால இவரை இளையவர்னு சொல்வாங்க. 1537-ல முடிஞ்சப்ப கிளெமெண்ட் உயிரோட இல்ல, அடுத்த போப் மூன்றாம் பால் காலம் வந்துடுச்சு.

ஆழம் சுமார் 53 மீட்டர், அகலம் 13 மீட்டர். தண்ணி இழுக்க கயிறு வாளி எல்லாம் கிடையாது, கழுதைங்கதான் உள்ள இறங்கிப் போய் சுமந்துட்டு வரணும். கிணத்துச் சுவத்துக்குள்ளயே ரெண்டு சுருள் படிக்கட்டு, ஒண்ணுக்கு மேல ஒண்ணா பின்னிப் பிணைஞ்சு போகுது, ஆனா ரெண்டும் எங்கயும் ஒட்டாது. ஒரு வாசல்ல இறங்குற கழுதை அடில ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டி அடுத்த படிக்கட்டுல ஏறி வேற வாசல்ல வெளிய வந்துடும், எதிர்ல வர்ற கழுதையோட முட்டிக்கவே முட்டிக்காது. நடுவுல இருக்கிற பள்ளத்தைப் பார்த்த மாதிரி 72 ஜன்னல், மேல இருந்து வர்ற வெளிச்சம் அது வழியா படிக்கட்டுக்கு வரும். இறங்க இறங்க வெளிச்சம் பச்சையா மாறும், சில்லுனு இருக்கும், எதிர்ப்பக்க ஜன்னல்ல ஒரு குழந்தை தலை தெரியும், அது உங்களைப் பார்த்துக் கை ஆட்டும், ஆனா நீங்க ரெண்டு பேரும் உள்ள சந்திக்கவே மாட்டீங்க. பேரு போட்சோ தி சான் பத்ரீட்சியோ, செயிண்ட் பேட்ரிக் கிணறு. இத்தாலிக்காரங்க பேச்சுல இந்தப் பேருக்கு, எடுக்க எடுக்கத் தீராத கஜானான்னு ஒரு அர்த்தமே இருக்கு.

முட்டி வலி இருக்கிறவங்க இறங்கலாமா?

மொத்தம் 248 படி, இறங்கினா அத்தனையும் ஏறியே ஆகணும், நடுவுல லிஃப்ட் கிடையாது. ஆனா கழுதைக்காகக் கட்டின படிங்கிறதால உயரம் கம்மி, அகலம் அதிகம், நம்ம வீட்டு மாடிப்படி மாதிரி முட்டியக் கொல்லாது. அம்மா ஒவ்வொரு ஜன்னல்லயும் நின்னு நின்னு ஏறினாங்க, ஜன்னல் திட்டுல சாஞ்சுக்கலாம். மூச்சுத் திணறல், இதயப் பிரச்சினை இருக்கிறவங்க வேண்டாம். இறங்க முடியாதவங்க பக்கத்துலயே இருக்கிற அல்போர்னோஸ் கோட்டைத் தோட்டத்துல உட்காரலாம், ஃப்ரீ, மரநிழல், கீழ பள்ளத்தாக்கு முழுசும் தெரியும்.

துவோமோல என்ன பார்க்கணும்? எல்லா சர்ச்சும் ஒரே மாதிரிதானே இருக்கு?

ரோம்ல நாலு நாள் சர்ச் பார்த்துட்டு வர்றவங்க இதைக் கேட்பாங்க, புரியுது. ஆனா இந்த முகப்பு வேற. குறுகலான சந்துல நடந்துட்டே வருவீங்க, ரெண்டு பக்கமும் பீங்கான் கடைங்க, திடீர்னு சந்து முடிஞ்ச இடத்துல தங்கமும் கலருமா ஒரு சுவர் வானத்துக்கு நிக்கும். பக்கச் சுவர் எல்லாம் கருப்பு வெள்ளை வரிவரியா இருக்கும், கருப்பு எரிமலைக் கல்லு, வெள்ளை டிராவர்ட்டின்.

அடிக்கல் நாட்டினது 1290, போப் நான்காம் நிக்கோலஸ் காலத்துல. காரணமா சொல்ற கதை இது: 1263-ல பக்கத்துல பொல்சேனால ஒரு பாதிரியார் பூசை வைக்கும்போது, இந்த அப்பம் நிஜமாவே இயேசுவோட உடலாங்கிற சந்தேகத்துல இருந்தாராம், அப்ப அப்பத்துல இருந்து ரத்தம் கசிஞ்சு பீடத்துல விரிச்சிருந்த துணில விழுந்துச்சாம். அப்ப போப் நான்காம் அர்பன் ஓர்வியேட்டோலதான் தங்கியிருந்தார், துணிய இங்க கொண்டு வந்தாங்க. 1264-ல இதே ஊர்ல இருந்துதான் அவர் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவை உலகம் முழுக்க கொண்டாடச் சொல்லி ஆணை போட்டார். நம்ம ஊர் கத்தோலிக்கப் பங்குகள்ல நற்கருணைப் பவனி போற அதே திருவிழா. எங்க கூட வந்த ஒரு அக்கா வேளாங்கண்ணிப் பக்கம், சின்ன வயசுல இருந்து அந்தப் பவனில பூத் தூவினவங்க, அது இந்த ஊர் ஆணைன்னு தெரிஞ்சதும் துணி இருக்கிற சிற்றாலயத்துல ரொம்ப நேரம் முட்டி போட்டுட்டு இருந்தாங்க. நாங்க வெளிய காத்திருந்தோம், அவசரப்படுத்த மனசு வரல.

உள்ள போறதுக்கு முன்னாடி வெளிய நின்னு பாருங்க. மேல இருக்கிற தங்க மொசைக் பெரும்பாலும் பிற்காலத்துல மாத்தினது. அசல் பொக்கிஷம் உங்க கண் மட்டத்துல இருந்து ஆரம்பிக்குது, வாசல்களுக்கு நடுவுலயும் ஓரத்துலயும் இருக்கிற நாலு அகலமான தூண்கள்ல செதுக்கின பளிங்குச் சிற்பம். 1310-ல பொறுப்பு எடுத்த சியேனாக்காரர் லொரென்ட்சோ மைத்தானியும் அவரோட ஆளுங்களும் செஞ்சது. இடது ஓரத்துல உலகப் படைப்பு, ஆதாமோட விலா எலும்புல இருந்து ஏவாள் வர்றது. வலது ஓரத்துல கடைசித் தீர்ப்பு, அதுல அடில நரகத்துக்குப் போறவங்களோட முகத்தைப் பாருங்க, எழுநூறு வருஷம் ஆகியும் அந்த அலறல் காதுல கேட்கிற மாதிரி இருக்கு. நடுவுல இருக்கிற வெண்கலக் கதவு மட்டும் ரொம்பப் புதுசு, எமிலியோ கிரேக்கோ செஞ்சது, 1970-ல மாட்டினாங்க.

தோளும் முட்டியும் மூடுற மாதிரி டிரஸ் போடுங்க, ஒரு ஷால் பையில இருக்கட்டும்.

சான் பிரித்சியோ சேப்பலுக்கு டைம் ஒதுக்கலாமா?

கண்டிப்பா. துவோமோக்குள்ளயே இருக்கிற சிற்றாலயம் இது, சுவர் முழுக்க ஓவியம். ஓர்வியேட்டோல ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும்னா நான் இங்கதான் போவேன். ஃப்ரா ஆஞ்சலிகோங்கிற ஓவியர் 1447-ல கூரைல வரைய ஆரம்பிச்சுட்டு விட்டுட்டுப் போயிட்டார், ஐம்பது வருஷம் அப்படியே கிடந்து, 1499-ல லூக்கா சிக்னொரெல்லிங்கிற ஓவியருக்கு வேலை கொடுத்தாங்க, 1504 வாக்குல முடிச்சார். சம்பளத்தோட ஒயினும் ஒப்பந்தத்துலயே இருந்துச்சு.

உலகம் முடியிற நாள்தான் நாலு சுவரும். ஒரு சுவத்துல செத்தவங்க தரைக்குள்ள இருந்து எழுந்து வர்றாங்க, சிலர் இன்னும் எலும்புக்கூடாவே, சிலர் கைய ஊனி உடம்பை மேல இழுக்கிறாங்க. அதுக்குப் பக்கத்துலயே பாவிகள், பச்சை, ஊதா நிறத்துல பிசாசுங்க, மனுஷங்களைப் போட்டு நெரிக்குது. மைக்கேலாஞ்சலோ சிஸ்டைன் சேப்பல்ல கடைசித் தீர்ப்பு வரைய ஆரம்பிக்கிறதுக்கு முப்பது வருஷத்துக்கு மேல முன்னாடி இது. ரோம்ல அதைப் பார்த்துட்டு இங்க வந்தீங்கன்னா அந்தத் திருகின உடம்புங்க எங்க இருந்து வந்துச்சுன்னு நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க.

போலி கிறிஸ்து பிரசங்கம் பண்ற சுவத்தை மட்டும் விட்டுடாதீங்க. பார்க்க அப்படியே இயேசு மாதிரி ஒருத்தர் மேடை மேல நிக்கிறார், பின்னாடி பிசாசு காதுல ஓதுது, அதோட கை அவரோட டிரஸ்ஸுக்குள்ள நுழைஞ்சு அவரோட கை மாதிரியே வெளிய வருது. இடது ஓரத்துல கருப்பு உடைல ரெண்டு பேர் அமைதியா நிக்கிறாங்க பாருங்க, சிக்னொரெல்லி அவரையே வரைஞ்சு, பக்கத்துல ஃப்ரா ஆஞ்சலிகோவையும் வரைஞ்சிருக்கார். தான் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே செத்துப்போன ஒருத்தர் பாதில விட்ட வேலைய முடிச்சுட்டு, அவரையும் கூட நிக்க வச்சுக்கிட்டார். அரை மணி நேரமாவது உள்ள இருங்க.

அண்டர்கிரவுண்ட் டூர் வொர்த்தா?

ஆமா, ஆனா கைடோட மட்டும்தான் போக முடியும், இங்கிலீஷ் டூர் குறிப்பிட்ட சில நேரம்தான். டிக்கெட் கொடுக்கிற இடம் துவோமோ சதுக்கத்துலயே இருக்கு, அங்க போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையா நேரத்தைக் கேட்டு டிக்கெட் வாங்கிட்டு அப்புறம் மத்ததைப் பாருங்க. முதல் தடவை நான் மதியத்துக்கு மேல கேட்டேன், இங்கிலீஷ் டூர் முடிஞ்சு போச்சு, பார்க்காமலே திரும்பினேன்.

பாறைக்குள்ள 1,200 குகைக்கு மேல கண்டுபிடிச்சிருக்காங்க. எட்ருஸ்கன் காலத்துல இருந்து வீட்டுக்கு வீடு கீழ தோண்டிக்கிட்டே இருந்திருக்காங்க, கிணறு, கல்லு எடுக்கிற குழி, எண்ணெய் ஆட்டுற இடம், ஒயின் வைக்கிற அறை. எனக்குப் பிடிச்சது புறா அறைங்க. சுவர் முழுக்க வரிசை வரிசையா சின்னச் சதுரப் பொந்து, பாறையோட ஓரத்துல வெளிய திறக்கிற ஒரு ஜன்னல். புறா காலைல பறந்து போய் வயல்ல மேஞ்சுட்டு சாயங்காலம் கூட்டுக்கு வந்துடும், தீனி போடவே வேண்டாம், எதிரி கீழ முற்றுகை போட்டிருந்தாலும் மேல இருக்கிறவங்களுக்குக் கறி பறந்து வந்துடும். இன்னிக்கும் இந்த ஊர் ஸ்பெஷல் சாப்பாட்டுல புறா இருக்கு. இப்படித் தோண்டித் தோண்டிப் பாறையே வலுவிழந்து ஓரங்கள் சரிய ஆரம்பிச்சு, 1978-ல இத்தாலி அரசாங்கம் இந்தப் பாறையைத் தாங்கிப் பிடிக்கத் தனிச் சட்டமே போட வேண்டி வந்துச்சு.

சாப்பாடு? நாங்க வெஜிடேரியன்.

சமாளிக்கலாம், கேட்டு வாங்கணும். இந்தப் பக்கத்து பாஸ்தா உம்ப்ரிக்கெல்லி, முட்டை சேர்க்காம மாவும் தண்ணியும் மட்டும் பிசைஞ்சு கையால உருட்டின தடியான நூல். கருப்பு டிரஃபிள், அதாவது மண்ணுக்குள்ள விளையிற ஒரு காளான் வகை, போட்டு வரும், பார்க்க சுத்த வெஜ் மாதிரி இருக்கும், ஆனா ஓர்வியேட்டோ இருக்கிற உம்ப்ரியா மாநிலத்துல டிரஃபிள் சாஸ்ல நெத்திலி மாதிரி உப்பு மீனை அரைச்சுப் போடுற வழக்கம் உண்டு, ‘அச்சூகே’ இருக்கான்னு கேளுங்க. ‘சென்சா கார்னே’ன்னு மட்டும் சொன்னா கறி வேண்டாம்னு புரிஞ்சுக்குவாங்க, மீன் அதுல சேராது. பர்மிஜானோ சீஸ்ல கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற ரெனட் சேர்க்கிறாங்க, அது ஆகாதவங்க சீஸ் வேண்டாம்னு சொல்லிடுங்க. பிரெட்ல உப்பே இருக்காது, கெட்டுப் போச்சுன்னு நினைக்க வேண்டாம், மத்திய இத்தாலில அப்படித்தான். நத்தை மாதிரி சுருட்டின லூமக்கெல்லெ பன்ல சீஸோட பன்றிக்கறித் துண்டும் இருக்கும்.

அசைவம் சாப்பிடுறவங்களுக்குக் காட்டுப்பன்றி, புறா ரெண்டும் இருக்கு. பில்லுல ‘கொபெர்த்தோ’ன்னு ஒரு ஆளுக்கு இவ்வளவுன்னு சேர்ந்து வரும், ஏமாத்து இல்ல, உட்கார்ந்து சாப்பிட்டா எல்லாருக்கும் உண்டு. மதியச் சாப்பாடு பன்னெண்டரைல இருந்து ரெண்டரைக்குள்ள, அதுக்கப்புறம் கிச்சன் மூடிடும்.

ஒயின் பேர் போனதாமே?

வெள்ளை ஒயின், ஓர்வியேட்டோ கிளாசிக்கோ. குகைங்க வருஷம் முழுக்க குளுகுளுன்னு இருக்கிறதால ஒயினை வைக்க வசதியான இடம். முன்னாடி லேசா இனிப்பாத்தான் பண்ணுவாங்க, இப்ப பெரும்பாலும் இனிப்பு இல்லாதது. சாப்பாட்டோட ஒரு கிளாஸ் கேளுங்க, விலையும் ஜாஸ்தி இல்ல.

சிவிதா தி பாஞோரெஜோவையும் சேர்த்து ஒரே நாள்ல பார்க்கலாமா?

நடந்து போற நீளமான பாலத்துல மட்டும் எட்ட முடியிற அந்தக் குட்டி ஊர்தானே, ஃபோட்டோல எல்லாரும் பார்த்திருப்பீங்க. ஓர்வியேட்டோல இருந்து பாஞோரெஜோவுக்கு பஸ் இருக்கு, ஆனா ரொம்பக் கம்மி, ஞாயிறு, லீவு நாள்ல அதை நம்பவே கூடாது. ஒரே நாள்ல ரெண்டும் பண்ணினா ரெண்டுமே பாதிதான். ஒரு ராத்திரி தங்குறதா இருந்தா மட்டும் சேருங்க.

கார்ல போனா?

ஊருக்குள்ள வெளியூர் வண்டி நுழையக் கூடாத ஏரியா இருக்கு, கேமரா படம் எடுத்து மாசக்கணக்கு கழிச்சு ஃபைன் வரும். கீழ காம்போ தெல்லா ஃபியேரா பார்க்கிங்ல விட்டுட்டு எஸ்கலேட்டர், லிஃப்ட்ல மேல வந்துடுங்க.

எந்த மாசம் நல்லது?

ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஜூலை ஆகஸ்ட் மதிய வெயில்ல கல்லு தகிக்கும். வியாழன், சனிக்கிழமை காலைல பியாட்சா தெல் பொப்போலோல சந்தை கூடும், பழம், சீஸ், துணிமணின்னு உள்ளூர்க்காரங்க வாங்க வர்ற சந்தை, முடிஞ்சா அந்த நாள் பார்த்துப் போங்க.

டிக்கெட் எல்லாம் தனித்தனியா வாங்கணுமா?

கார்ட்டா ஊனிக்கான்னு ஒண்ணு இருக்கு, துவோமோ, கிணறு, அண்டர்கிரவுண்ட், மோரோ கோபுரம், அருங்காட்சியகம் எல்லாத்துக்கும் சேர்த்து. மூணு நாலு இடம் பார்க்கிறவங்களுக்கு லாபம்.

எட்ருஸ்கன் கல்லறைங்க பார்க்கணுமா?

குரோச்சிஃபிஸ்ஸோ தெல் டூஃபோ, பாறையோட அடில இருக்கு. தெரு தெருவா வரிசையா கட்டின கல் அறைங்க, கி.மு. ஆறாம் நூற்றாண்டு, ஒவ்வொரு வாசல் மேலயும் அந்தக் குடும்பத்தோட பேரை வலது பக்கத்துல இருந்து இடது பக்கமா செதுக்கியிருக்காங்க. வரலாறு பிடிச்சவங்க ட்ரெயினுக்கு முன்னாடி கடைசியா இங்க போகலாம், யாருமே இருக்க மாட்டாங்க.

சாயங்காலம் ட்ரெயினுக்கு ரெண்டு மணி நேரம் இருக்கு, என்ன பண்றது?

கடைக்குப் போகாதீங்க. துவோமோல இருந்து நேரா மேற்கு ஓரத்துக்கு நடங்க, பழைய தெருவா பார்த்து, வீடு எல்லாம் அதே டூஃபோ கல்லு, மாடி ஜன்னல்ல பூந்தொட்டி, உள்ள இருந்து தட்டு கழுவுற சத்தம் வரும். ஊர் முடியிற இடத்துல சான் ஜியோவெனாலேன்னு ஒரு சின்ன சர்ச் இருக்கு, 1004-ல கட்டினதுன்னு சொல்றாங்க, துவோமோவை விட கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் மூத்தது, உள்ள சுவத்துல மங்கிப்போன பழைய ஓவியங்க. டிக்கெட் இல்ல, கூட்டம் இல்ல. வெளிய வந்தா மதில் சுவர், அதுக்கு அந்தப் பக்கம் பாறை அப்படியே அறுத்து விட்ட மாதிரி இறங்குது, கீழ திராட்சைத் தோட்டம்.

அம்மாவும் நானும் அந்தச் சுவத்துல கைய வச்சுட்டு நின்னோம். பகல் பூரா வெயில் குடிச்ச கல்லு, ஏழு மணிக்கும் சூடா இருந்துச்சு. எங்க காலுக்குக் கீழ பாறைல ஏதோ பொந்துல இருந்து புறாங்க வந்து போயிட்டு இருந்துச்சு, அம்மா ஒண்ணு ரெண்டுன்னு எண்ண ஆரம்பிச்சாங்க. அங்க இருந்து ஃப்யூனிகுலர் ஊரோட மறு கோடி, அரை மணி நேரம் நடை, அதைக் கணக்குப் பண்ணிக் கிளம்புங்க.